கை நனைக்காமல்

புனிதவதி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு அவளை அசைக்க புல்டோசர்தான் கொண்டுவர வேண்டும் என்பது புக்கிட் ரோத்தானில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதிலும் மகன் காரியம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே மகன், ரவீந்திரன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை, சுங்கை சோவில் வாடகை அறை. முப்பது தாண்டிய பிள்ளை. அவன் போய், ஏற்கனவே ஒருமுறை கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

அவன் சண்டை போட்டிருந்தால்கூட புனிதவதி ஜெயித்திருப்பாள். சண்டையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பாவிப் பிள்ளை சண்டையே போடவில்லை. "நீங்க சரின்னு சொன்னாதான்மா கல்யாணம். சொல்லலன்னா இல்ல. ஆனா வேற பொண்ணு மட்டும் பாக்காதீங்க," என்று ஒரே ஒருமுறை சொன்னான். அதன் பிறகு வழக்கம்போல் மாதாமாதம் வருவான், கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பான், குழாயை முறுக்குவான், சாப்பிடுவான், போவான். முகத்தில் சிரிப்பு மட்டும் கிடையாது. கத்துகிற பிள்ளையைச் சமாளிக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு போட்டதைத் தின்றுவிட்டுப் போகிற பிள்ளையை என்ன செய்வது? பொங்கலிலிருந்து புரட்டாசி வரைக்கும் இதே கதை. புனிதவதிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே விட்டால் பிள்ளை கல்யாணமும் இல்லாமல், தனக்கும் இல்லாமல், இரண்டுங்கெட்டானாகப் போய்விடுவான் என்று பயந்தாள். பயந்தாளே தவிர, இறங்கி வரவில்லை.

அவளுடைய பெரியம்மா மகள் அன்னம்மாதான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் வெடித்தாள்.

"ஏன்டி புனிதா, பாசாருல கத்திரிக்கா வாங்கினாகூட காம்பத் திருப்பிப் பாத்துதானே வாங்குற? இந்தப் பொண்ண கண்ணால பாக்காமலே வேணாங்கிற?"

"சொத்தக் கத்திரிக்கான்னு ஊரே சொல்லுது. நான் வேற திருப்பிப் பாக்கணுமா?"

"ஊரு என்னைப் பத்திக்கூடத்தான் சொல்லுது. நீ என் வீட்டுல வந்து தோசை திங்கல?"

அன்னம்மாவைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

அந்தப் பெண், தனுஜா, கோலசிலாங்கூருக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் சின்னத் தீவு ஒன்றில் அப்பாவோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். நண்டும் இறாலும் தின்பதற்கென்றே ஜனங்கள் படகேறிப் போகிற தீவு அது. அங்கே போய் இவள் வெறும் காய், கீரை, கிழங்குக் கடை போட்டிருக்கிறாள். மீன் இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. காயெல்லாம் மருந்தடிக்காமல் அவளே வளர்ப்பது. "கடலுக்கு நடுவுல கீரை விக்கிறவளுக்கு எவ்வளவு புத்தி இருக்கும்னு நீயே யோசி," என்று புனிதவதி இதையும் ஒரு குற்றமாகத்தான் வைத்திருந்தாள்.

கடைசியில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, யார் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்கள்போலப் போக வேண்டும். இரண்டாவது, அங்கே ஒரு வாய் சாப்பிட மாட்டாள்.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் குடிப்பார்கள். ரொம்பக் கெஞ்சினால் ஒரு கிளாஸ் காப்பி. சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சம்மதம் என்றால்தான் இலை போடச் சொல்லி உட்காருவார்கள். அதற்குப் பேர் கை நனைப்பது. கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்கினவன் மனுஷனே இல்லை. புனிதவதியின் மாமனார் அவளைப் பார்க்க வந்தபோது, நகை, சீர் என்று எதுவும் பேசவில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று துண்டை உதறி, "அப்ப கை நனைச்சிட்டே கெளம்புவோம்," என்றார். அவ்வளவுதான் கல்யாணம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் புருஷன் வீட்டுக்கு வந்தாள், கெடவில்லை. புருஷன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தச் சொல்மேல் இருக்கிற மரியாதை போகவில்லை.

ஆகவே சனிக்கிழமை காலையில் எழுந்து புளிச்சோறு கிண்டினாள், உருளைக்கிழங்கு பிரட்டினாள், வாழையிலையில் கட்டினாள். இனிப்பு நீர் வியாதிக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு பிஸ்கட் கடித்தாள். அன்னம்மாவின் பழைய மைவி காரில் ஏறினார்கள்.

படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் காடியை நிறுத்திக் காற்று வாங்கலாம் என்றாள் அன்னம்மா. அது அவள் செய்த தப்பு. புனிதவதி பையைக் காடியின் மூக்கில் வைத்துவிட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். அது இவள் செய்த தப்பு. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. எந்த அவசரமும் இல்லாமல், தன் வீட்டுச் சாமானை எடுப்பதுபோலப் பையை எடுத்தது, ஏறிப் போய்விட்டது. மேலே உட்கார்ந்து இலையைப் பிரித்ததைக்கூட இருவரும் பார்த்தார்கள்.

"ஐயோ ஐயோ! என் சோறு!"

"கும்புட்டுக்கடி. புரட்டாசி சனிக்கிழமை. ஆஞ்சநேயரே நேருல வந்து வாங்கிட்டுப் போறாரு."

"வாய மூடுக்கா. வயித்தெரிச்சல்."

கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்றால் படகு கிளம்ப நின்றது. பாசிர் பெனம்பாங் படகுத்துறையிலிருந்து சீனக் கிழவர் ஒருவர் ஓட்டினார். திரும்புகிற படகு நாலு மணிக்கு, கடைசிப் படகு ஆறு மணிக்கு, நாலு மணி வரை தண்ணீர் வற்றிக் கிடக்கும், சேற்றில் நீந்த விருப்பமென்றால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

தீவில் கால் வைத்ததுமே பிளாச்சான் என்கிற இறால் விழுதின் வாடை மூக்கைத் துளைத்தது. பலகைப் பாதையின் இரண்டு பக்கமும் கடைகள். ஒவ்வொரு கடையிலும் நண்டு, இறால், சிப்பி, அவற்றை வறுக்கிற குவாலிச் சட்டி. மற்ற நாளாக இருந்தால் அன்னம்மா அந்தப் பாதையைத் தாண்டியிருக்க மாட்டாள். புரட்டாசிச் சனியில் அந்தக் குவாலியில் கிண்டின காங்கோங்கீரையைக்கூடத் தொட முடியாது. புனிதவதிக்கு அதற்குள் பசி ஆரம்பித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

பாதை முடிகிற இடத்தில் இருந்தது கடை. இலைக்கு மலாயில் சொல்கிற "டாவுன்" என்ற பேர் எழுதி, பக்கத்தில் ஓர் இலையும் வரைந்த பலகை. மீன் வைக்கிற பழைய பெட்டிகளில் மண்ணும் உரமும் நிரப்பி வெண்டை, கத்திரி, பொன்னாங்கண்ணி எல்லாம் வளர்ந்து நின்றன. முருங்கை மட்டும் பெரிய டிரம்மில். உப்புத் தண்ணீருக்கு நடுவில் இத்தனை பச்சையைப் பார்த்ததும் புனிதவதி ஒரு கணம் நின்றுவிட்டாள். தோட்டத்தில் பிறந்தவள், செடியைப் பார்த்தால் நிற்காமல் இருக்க அவளால் முடியாது. அப்புறம் தான் எதற்கு வந்தோம் என்ற நினைவு வந்து முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

படியேறி உட்கார்ந்ததுதான் தாமதம், பாண்டான் இலை போட்ட குளிர்ந்த தண்ணீர் இரண்டு கிளாஸ் வந்தது. வெயிலில் நடந்த தாகம். புனிதவதி ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். கிளாஸை வைத்துவிட்டுப் போனவள் தனுஜா.

ரவீந்திரன் போனில் காட்டிய அதே முகம். போனில் இருந்ததைவிட ஒல்லி. டீ சட்டை, இடுப்பில் துணி, தூக்கிக் கட்டின கொண்டை, கடுகளவு பொட்டு. கோலாலம்பூரிலிருந்து வந்த இளவட்டங்கள் இரண்டு மேசையில் உட்கார்ந்து தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"தண்ணிய குடிச்சிட்டியேடி!" அன்னம்மா கிசுகிசுத்தாள்.

"தண்ணி கணக்குல வராது. எங்க மாமனாரே குடிச்சாரு."

"அதுல பாண்டான் இலை கெடந்துச்சே. இலைன்னா காய்கறிதானே?"

"எனக்குப் பசிக்கொடுமை, உனக்கு வெளையாட்டா?" என்று புனிதவதி வாய்தவறிச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுற்றுமுற்றும் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இது கடை மட்டுமல்ல. பழைய மீன்காரச் சீன முதலாளி, தௌக்கே ஒருவருடைய வீட்டின் முன்பக்கம்தான் கடை. பின்பக்கம் இவர்கள் குடியிருக்கிறார்கள். கதவிடுக்கில் சாமி விளக்கு எரிந்தது. செத்துப்போன அம்மா படத்துக்குப் பூ வைத்திருந்தது. கொடியில் ஒரு கைலி. பெண் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்! புனிதவதி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

அன்னம்மாவுக்கு அந்தக் கவலை ஒன்றும் இல்லை. அவளா மாமியார்? சாப்பாட்டு அட்டையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். பலாக்காய் ரெண்டாங். காளான் சாத்தே. சங்குப்பூச் சோறு. வாழைப்பூ வடையை நடுவில் வைத்த ரொட்டி.

"டீ இருக்காமா?" என்று கேட்டாள்.

"இருக்கு ஆன்ட்டி. ஓட்ஸ் பால், தேங்காப்பால், ரெண்டுல எது வேணும்?"

"ஏன், மாடு வேலைநிறுத்தமா?"

தனுஜா சிரித்துவிட்டாள். "மாட்டுக்கு ரெஸ்ட் குடுத்திருக்கோம் ஆன்ட்டி. தேங்காப்பால் போட்டு டீ கலக்கவா? நல்லாயிருக்கும்." பிறகு புனிதவதி பக்கம் திரும்பி, "ஆன்ட்டிக்கு?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். பசியாறிட்டுத்தான் வந்தேன்."

தனுஜா ஒரு விநாடி பார்த்தாள். "சரி ஆன்ட்டி. வேணும்னா சொல்லுங்க," என்றாள். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததும் புனிதவதிக்குக் குற்றமாகத்தான் பட்டது. வந்தவர்களை இன்னொரு தடவை கேட்கத் தெரியவில்லையே, என்ன வளர்ப்பு?

அன்னம்மாவுக்குச் சோறு வந்தது. மலையாய்க் குவித்த சோறு, சங்குப்பூச் சாற்றில் வேகவைத்து நீலமாக இருந்தது. பக்கத்தில் பலாக்காய், வறுத்த சோயாத் தெம்பே, பொன்னாங்கண்ணிப் பொரியல். தேங்காயும் இலவங்கப்பட்டையும் சேர்ந்த வாசனை மேசை முழுக்கப் பரவியது. அன்னம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு "ம்ம்" போட்டாள். வேண்டுமென்றே போட்டாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். புனிதவதிக்கு ஒன்பது பறந்துவிட்டது. அந்தப் பத்தாவதை மட்டும் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து பூவாளியோடு ஒரு பெரியவர் வந்தார். நரைத்த மீசை, கைலி, வெற்றுக்கால். தமிழ் முகங்களைப் பார்த்ததும் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. எந்தத் தோட்டம்?"

"சுங்கை பெசாரு பக்கம்," என்று அன்னம்மா கண்ணிமைக்காமல் புளுகினாள்.

"நல்லது, நல்லது. நான் முருகையா. முந்தி ஐஸ் லோரி ஓட்டிக்கிட்டிருந்தேன், படகுத்துறைக்கு ஐஸ் கொண்டாருவேன். அந்தப் பழக்கத்துல இந்த வீடு கெடச்சிச்சி. கடை மக கடை." பேச ஆள் கிடைக்காமல் ஏங்கிக் கிடந்த மனுஷன்போலிருக்கிறது, கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "மொதக் கல்யாணம் முறிஞ்சி வந்தப்ப ஒரு வருஷம் பிள்ளை ரூமவிட்டு வெளிய வரலம்மா. பேச்சே இல்ல. ஒருநாள் மீன் பொட்டியில வெண்டைக்கா வெதையப் போட்டா. அது மொளச்சிது. அப்புறந்தான் இவ மொளச்சா."

அன்னம்மா விடுவாளா? "மறுபடி கல்யாணம் பேசலியாண்ணே?" என்றாள்.

"பையன் ஒருத்தன் இருக்கான். தங்கமான பையன். ஆனா அவங்கம்மாவுக்கு மனசில்ல." முருகையா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அந்தம்மாவத் தப்பு சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பையன் இருந்து, அவன் இப்படி ஒரு பொண்ணக் கொண்டாந்தா நானும் நாலு தடவ யோசிச்சிருப்பேன். பெத்தவங்க மனசு அப்படித்தான்லா."

புனிதவதிக்குக் காதுமடல் சுட்டது. தன்னைத் திட்டியிருந்தால் எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருப்பாள். இந்த மனுஷன் தன் பக்கம் பேசுகிறாரே!

"அந்தப் பையன்…" என்று புனிதவதி இழுத்தாள். "அடிக்கடி வருவாரோ?"

"லீவு கெடச்சா வருவான். தண்ணித் தொட்டி, குழாய், பம்பு எல்லாம் அவன் போட்டதுதான்."

"வந்து விருந்து சாப்பிட்டுப் போவாரு," என்றாள் புனிதவதி. குரலில் கசப்பு வந்தே விட்டது. அவள் மனதில் ரொம்ப நாளாகப் புழுங்கிக் கிடந்த சங்கதி அது. என் பிள்ளை எவளோ ஒருத்தி கைச்சோறு தின்று மயங்கிக் கிடக்கிறான் என்று புக்கிட் ரோத்தான் முழுக்க அவளே சொல்லியிருக்கிறாள்.

"விருந்தா? நீங்க வேற!" முருகையா சிரித்தார். "எங்க வீட்டுல ஒரு பருக்க தின்னதில்லம்மா அவன். இதோ இங்க, வெளிய உக்காந்து, மத்தவங்க மாதிரி வெள்ளி குடுத்து சாப்பிடுவான். நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். 'எங்கம்மா வந்து கை நனைக்காம நான் உள்ள வந்து நனைக்க மாட்டேன் மாமா. அது அவங்களுக்குச் செய்யிற துரோகம்'னுட்டான். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இதெல்லாம் பாக்குது, சொல்லுங்க?"

மேசையில் "ம்ம்" நின்றுபோனது. அன்னம்மா பிசைந்த சோற்றைப் பிசைந்தபடியே வைத்திருந்தாள்.

புனிதவதிக்குத் தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையைப் போய், மயங்கிவிட்டான், மானம் கெட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னோமே. தன் சொல்லுக்காக இங்கேயும் வெளியாள்போலக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறான், அங்கேயும் வந்து தலைகுனிந்து தின்றுவிட்டுப் போகிறானே. கண் கலங்கியது. எழுந்து கொஞ்சம் வெளியே போய் நிற்கலாம் என்று மேசையைப் பிடித்தாள். கை நடுங்கியது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. மாத்திரை போட்ட உடம்பு, வயிற்றில் இரண்டு பிஸ்கட். தரை பலகை பலகையாக அசைந்தது.

"புனிதா! ஏய், என்னடி பண்ணுது?"

அன்னம்மா கத்துவதற்குள் தனுஜா பக்கத்தில் வந்துவிட்டாள். தென்னை வெல்லம் கரைத்த தண்ணீர் கையில் இருந்தது. எப்போது கலக்கினாளோ தெரியாது. "சுகர் எறங்கியிருச்சு. குடிங்க ஆன்ட்டி. இது மருந்து. குடிங்க." உதட்டருகே பிடித்துக் குடிக்க வைத்தாள். அப்பாவைப் பார்த்து, "அப்பா, நீங்க போய் கீரைக்குத் தண்ணி ஊத்துங்க. அவங்களுக்குக் காத்து வரட்டும்," என்றாள். முருகையா தயங்கித் தயங்கிப் போனார்.

நடுக்கம் மெல்ல அடங்கியது. தனுஜா உள்ளே போய் ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தாள். புனிதவதி தட்டைப் பார்த்தாள். கை எடுக்கவில்லை.

தனுஜா எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஆன்ட்டி, இது கடை. மெனுவுல உள்ள சாப்பாடு. பில்லு போடுவேன், நீங்க காசு குடுப்பீங்க. கை நனைச்ச கணக்குல இது வராது. அன்னம்மா ஆன்ட்டிதான் சாட்சி."

புனிதவதி நிமிர்ந்தாள். அன்னம்மாவின் பேரை இங்கே யாரும் சொல்லவில்லையே. "அப்ப நாங்க யாருன்னு…"

"படி ஏறும்போதே தெரியும். ரவி போனத் தொறந்தா மொதப் படமே நீங்கதான். அடுத்தது நீங்களும் அன்னம்மா ஆன்ட்டியும் காவடிக்குப் பூ கட்டுற படம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிக்காம வந்தீங்க. நீங்களா சொல்ற வரைக்கும் நான் காட்டிக்கிறது மரியாத இல்ல ஆன்ட்டி. சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் பயமா இருந்துச்சு. எதுக்கு நீங்க பசியோட உக்காந்திருக்கீங்கன்னு தெரியும்."

அன்னம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மொதத் தடவ என்னைப் பாக்க வந்தவங்க ரெண்டு பஸ்ஸுல வந்தாங்க," என்றாள் தனுஜா. "தலைவாழை இலை போட்டு, எல்லாரும் கை நனைச்சி, பாயசம் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. அதே ஆளுங்கதான் அப்புறம் என் துணிமணிய ஒரு பையில போட்டு வாசல்ல வச்சாங்க. அதனால சொல்றேன். மயக்கத்துல, பசியில, யாரும் எனக்குச் சரின்னு சொல்ல வேணாம். உங்க மனசு சொன்னா சொல்லுங்க. வேணாம்னா அதையும் சொல்லுங்க, ரவிகிட்ட நானே பேசிக்கிறேன். அவர உங்ககிட்டருந்து பிச்செடுத்து நான் வாழ மாட்டேன். இப்ப சாப்பிடுங்க. சாப்பிட்டாத்தான் தெம்பா வேணாம்னு சொல்ல முடியும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இளவட்டங்கள் பில்லு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புனிதவதி சாப்பிட்டாள். நீலச் சோறும் பலாக்காயும் கலந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். உப்பு ஒரு கல் கம்மி. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் தேடாமல் இல்லை. ஒரு பேச்சுக்காவது அன்னம்மா கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தாள். அன்னம்மா தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் தள்ளிவைத்தாள், அவ்வளவுதான்.

பில்லு வந்தது. புனிதவதி வெள்ளியை எண்ணி வைத்தாள். தனுஜா சில்லறை திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரியும் வாடிக்கையும் போலவே நடந்துகொண்டார்கள். "உடம்பப் பாத்துக்குங்க ஆன்ட்டி," என்று மட்டும் தனுஜா சொன்னாள். அந்தக் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. தைரியமாகப் பேசின பெண்தான். ஆனாலும் எதிர்பார்க்காமல் இருப்பாளா? மூன்று மணியானதும் கடைப்பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். பலகைப் பாதையில் பாதி தூரம் வந்ததும் அன்னம்மா நின்றாள்.

"என்னடி சொல்ற?" என்றாள்.

"என்னத்த சொல்றது?" புனிதவதியின் கால் தயங்கியது. "எனக்கு வெக்கமா இருக்குக்கா. ரொம்ப வெக்கமா இருக்கு. நான் பெத்ததும் என்னைவிடப் பெரிய மனுஷனா நிக்குது, நான் வேணாங்கிறதும் என்னைவிடப் பெரிய மனுஷியா நிக்குது. நடுவுல நான் ஒருத்திதான் குட்டையா நிக்கிறேன்."

"அப்ப?"

"நீ போய் நாலு மணிப் படகு வந்தா, நாங்க ஆறு மணிக்கு வர்றோம்னு சொல்லு."

திரும்பி நடந்தாள். வேகமாக நடந்தாள். கடைப் படியில் ஏறவில்லை. மீன் பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒற்றைப் பலகையில் காலை வைத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. அப்பாவும் மகளும் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கடைச் சாப்பாடு இல்லை. சாதாரண வெள்ளைச் சோறு, முருங்கைக்காய் சாம்பார், சுட்ட அப்பளம். வாசலில் நிழல் விழுந்ததும் முருகையா பதறி எழப் பார்த்தார்.

"என்னம்மா, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா? கடை முன்னாடிலா இருக்கு…"

"கடைக்கு வரலண்ணே. வீட்டுக்கு வந்தேன்," என்றாள் புனிதவதி. செருப்பைக் கழற்றினாள். "சுங்கை பெசாருன்னு சொன்னது பொய்யி. நான் ரவீந்திரனோட அம்மா."

முருகையாவின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசல் குழாயில் புனிதவதி கையைக் கழுவினாள். இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே வந்து, அவர்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு தட்டு வையிம்மா."

தனுஜா எழுந்திருக்கவில்லை. அவள் கண் நிரம்பிவிட்டது. "ஆன்ட்டி, இப்பதானே சாப்பிட்டீங்க. இது கடை இல்ல. எங்களுக்காக, பாவம்னு நெனச்சி…"

"பாவம்னு நெனச்சா நாலு மணிப் படகுல போயிருப்பேன்டி. வீட்டுக்குப் போயி ஒரு மூச்சு அழுதிருந்தா அந்தப் பாவம் தீந்துபோயிருக்கும்." தட்டுக்காகக் கையை நீட்டினாள். "நல்லா வயிறு நெறஞ்சிதான் இருக்கேன். மயக்கமும் இல்ல. தெளிஞ்ச மனசோட கேக்குறேன். சோறு போடு."

தனுஜா தட்டு வைத்தாள். கரண்டி தட்டில் பட்டுக் கடகடத்தது. கொஞ்சமாகத்தான் போட்டாள்.

புனிதவதி சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். பிறகு இன்னொரு வாய். முருகையா துண்டை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அவரைத் தேற்ற அங்கே யாருக்கும் தெம்பில்லை.

"சம்பந்தி," என்றாள் புனிதவதி. "சாப்பாட்டு முன்னால அழக்கூடாது. திரும்பி உக்காந்து சாப்பிடுங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார். மூவரும் சாப்பிட்டார்கள்.